இராமச்சந்திரன் வரைபடம்

இராமச்சந்திரன் வரைபடம் என்பது, ஒரு புரத மூலக்கூறின் முதன்மைச் சங்கிலி எவ்வெவ்வாறு மடங்க இயலும், எவ்வெவ்வாறு மடங்க இயலாது என்பதைக் காட்டும் இருபரிமாண வரைபடம் ஆகும். இதனைச் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையைச் சேர்ந்த கோ. நா. இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963 ஆம் ஆண்டில் மூலக்கூற்று உயிரியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். வேதிப்பிணைப்புகளின் நீளம், அவற்றிடையே உள்ள கோணம், அணுக்களின் பருமன் ஆகிய எளிய செய்திகளை மட்டும் கொண்டு, மிகப் பெரிய மூலக்கூறுகளின் வடிவத்தைப் பற்றி முன்கூட்டியே கூற முடியும் என்பதை இவ்வரைபடம் நிறுவியது. இன்றும் புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்புகள் சரியானவையா என்று சோதிக்க இதுவே முதன்மையான அளவுகோல்களுள் ஒன்றாக விளங்குகிறது.

பின்புலம்: பிணைப்பும் வடிவமும்

ஒரு மூலக்கூறின் வடிவத்தை அதிலுள்ள எலக்ட்ரான் இணைகள் தீர்மானிக்கின்றன. அணுக்களைப் பிணைக்கும் எலக்ட்ரான் இணைகளும், பிணைப்பில் ஈடுபடாத தனி இணைகளும் ஒன்றையொன்று விலக்குவதால், அவை மைய அணுவைச் சுற்றி இயன்ற அளவு விலகி நிற்கின்றன. இக்கருத்தை 1940 இல் சிட்ஜ்விக், பவல் ஆகியோர் முன்வைத்தனர். 1957 இல் கில்லெஸ்பி, நைஹோம் ஆகியோர் இதனை முறையான கொள்கையாக வளர்த்தனர். மேனிலைப்பள்ளி வேதியியல் பாடத்தில் இது இணைதிற எலக்ட்ரான் இணை விலக்கக் கொள்கை என்று குறிப்பிடப்படுகிறது.

இக்கொள்கைப்படி, மீத்தேனில் உள்ள நான்கு பிணைப்பு இணைகளும் ஒரு நான்முகியின் மூலைகளை நோக்கி அமைகின்றன. அவற்றின் இடைக்கோணம் 109.5 பாகை ஆகும். அம்மோனியாவில் மூன்று பிணைப்பு இணைகளும் ஒரு தனி இணையும் உள்ளன. தனி இணை கூடுதல் இடத்தை எடுத்துக்கொள்வதால் கோணம் ஏறத்தாழ 107 பாகையாகக் குறைகிறது. இரு தனி இணைகளைக் கொண்ட நீரில் கோணம் 104.5 பாகை ஆகும்.

சிறிய மூலக்கூறுகளுக்கு இவ்விதி போதுமானது. மைய அணு ஒன்று மட்டும் இருக்கும்போது, அதைச் சுற்றியுள்ள கோணங்கள் தெரிந்தால் மூலக்கூறின் வடிவமும் தெரிந்துவிடுகிறது. ஆனால் பல அணுக்கள் சங்கிலியாகத் தொடரும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. ஒற்றைப் பிணைப்பைச் சுற்றி அதன் இரு புறமும் உள்ள அணுத்தொகுதிகள் சுழலக்கூடும். எனவே பிணைப்பு நீளங்களும் பிணைப்புக் கோணங்களும் மாறாமலேயே மூலக்கூறு எண்ணற்ற வடிவங்களை எடுக்க முடியும். நூறு அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட ஒரு சிறு புரதத்தில்கூட இத்தகைய சுழற்சிக் கோணங்கள் ஏறத்தாழ இருநூறு உள்ளன. இவற்றுள் எவை இயலும், எவை இயலா என்பதே இராமச்சந்திரன் குழுவினர் எடுத்துக்கொண்ட வினா ஆகும்.

பெப்டைடு அலகின் தட்டை வடிவம்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று பெப்டைடு பிணைப்பால் இணைந்த சங்கிலி ஆகும். ஓர் அமினோ அமிலத்தின் கார்பனைல் கார்பனும் அடுத்த அமினோ அமிலத்தின் நைட்ரஜனும் இணைவதே பெப்டைடு பிணைப்பு.

இந்த நைட்ரஜன் அம்மோனியாவில் உள்ளதைப் போலவே மூன்று பிணைப்புகளும் ஒரு தனி இணையும் கொண்டது. எனவே எலக்ட்ரான் இணை விலக்கக் கொள்கையை அப்படியே பயன்படுத்தினால், அதனைச் சுற்றி அம்மோனியாவைப் போன்ற கூம்பு வடிவம் அமையும் என்றே எதிர்பார்க்க வேண்டும். உண்மையில் அவ்வாறு இல்லை. நைட்ரஜனின் தனி இணை, அருகிலுள்ள கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்போடு பகிர்ந்துகொள்ளப்படுகிறது. இவ்விளைவு உடனிசைவு எனப்படும். இதனால் கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு ஒரு பகுதி இரட்டைப் பிணைப்பின் இயல்பைப் பெறுகிறது. வழக்கமான கார்பன்-நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பின் நீளம் ஏறத்தாழ 1.47 ஆங்ஸ்ட்ராம், பெப்டைடு பிணைப்பில் அது ஏறத்தாழ 1.33 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஆகும்.)

இரட்டைப் பிணைப்பைச் சுற்றி எளிதில் சுழல முடியாது. ஆகவே பெப்டைடு பிணைப்பின் இரு புறமும் உள்ள ஆறு அணுக்கள், அதாவது இரண்டு ஆல்ஃபா கார்பன்கள், கார்பனைல் கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் ஆகியவை, ஏறத்தாழ ஒரே தளத்தில் அமைகின்றன. பெரும்பாலும் இரு ஆல்ஃபா கார்பன்களும் பிணைப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். அவற்றிடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 3.8 ஆங்ஸ்ட்ராம் ஆகும். இத்தட்டை வடிவத்தை லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் வலியுறுத்தினர். 1951 இல் அவர்கள் ஆல்ஃபா சுருளை முன்மொழிந்ததற்கு இதுவே அடிப்படையாக அமைந்தது.

இரு சுழற்சிக் கோணங்கள்

மேற்கூறியவாறு, புரதச் சங்கிலியைத் தட்டையான அட்டைகள் மூலைக்கு மூலை கோக்கப்பட்ட மாலையாகக் கருதலாம். ஒவ்வொரு அட்டையும் ஒரு பெப்டைடு அலகு. இரு அட்டைகள் சேரும் முடிச்சு ஓர் ஆல்ஃபா கார்பன். இந்த முடிச்சில் மட்டுமே அட்டைகள் திரும்ப இயலும். எனவே ஒவ்வோர் அமினோ அமிலத்திற்கும் இரண்டு கோணங்கள் தெரிந்தால் போதும்.

ஃபை கோணம்: நைட்ரஜனுக்கும் ஆல்ஃபா கார்பனுக்கும் இடையேயான பிணைப்பைச் சுற்றிய சுழற்சி.

சை கோணம்: ஆல்ஃபா கார்பனுக்கும் கார்பனைல் கார்பனுக்கும் இடையேயான பிணைப்பைச் சுற்றிய சுழற்சி.

ஃபை கோணத்தைக் கிடையச்சிலும் சை கோணத்தைச் செங்குத்து அச்சிலும் குறித்தால், ஓர் அமினோ அமிலத்தின் உருவமைவு வரைபடத்தில் ஒரு புள்ளியாகிவிடும். முழுப் புரதமும் புள்ளிகளின் தொகுப்பாகத் தோன்றும். இன்றைய வழக்கில் இரு அச்சுகளும் -180 பாகை முதல் +180 பாகை வரை செல்கின்றன. முழுமையாக நீட்டப்பட்ட சங்கிலிக்கு இரு கோணங்களும் 180 பாகை ஆகும். 1963 ஆம் ஆண்டின் முதல் வரைபடத்தில் கோணங்கள் 0 முதல் 360 வரை வேறு முறையில் குறிக்கப்பட்டிருந்தன. எனவே பழைய கட்டுரைகளைப் படிப்போர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளவேண்டும். கோணம் ஒரு சுற்று முடிந்து தொடங்கிய இடத்திற்கே வருவதால், வரைபடத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒன்றே. அவ்வாறே மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒன்றே.

அணுக்கள் நெருங்கும் எல்லை

பிணைப்பில் இல்லாத இரு அணுக்கள் ஓர் அளவிற்கு மேல் நெருங்க முடியாது. ஒவ்வோர் அணுவையும் குறிப்பிட்ட ஆரம் கொண்ட கடினமான கோளமாகக் கருதினால், இரு கோளங்கள் ஒன்றினுள் ஒன்று புகும் எந்த அமைப்பும் இயலாததாகும். அவ்வெல்லைகளை அறிய, அக்காலத்தில் அமைப்பு கண்டறியப்பட்டிருந்த அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் முதலியவற்றின் படிகங்களில் அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கியுள்ளன என்பதைச் சென்னைக் குழுவினர் தொகுத்தனர். அதிலிருந்து இரு வகை எல்லைகளை வகுத்தனர். பெரும்பாலான படிகங்களில் காணப்படும் தொலைவு இயல்பு எல்லை. அரிதாகக் காணப்படும் மிகக் குறைந்த தொலைவு இறுதி எல்லை. அவற்றுள் சில வருமாறு (ஆங்ஸ்ட்ராம் அளவில்):

ஹைட்ரஜன் - ஹைட்ரஜன்: இயல்பு எல்லை 2.0, இறுதி எல்லை 1.9
ஹைட்ரஜன் - ஆக்சிஜன்: இயல்பு எல்லை 2.4, இறுதி எல்லை 2.2
ஆக்சிஜன் - ஆக்சிஜன்: இயல்பு எல்லை 2.7, இறுதி எல்லை 2.6
ஆக்சிஜன் - கார்பன்: இயல்பு எல்லை 2.8, இறுதி எல்லை 2.7
நைட்ரஜன் - கார்பன்: இயல்பு எல்லை 2.9, இறுதி எல்லை 2.8
கார்பன் - கார்பன்: இயல்பு எல்லை 3.0, இறுதி எல்லை 2.9

பின்னர் ஃபை, சை கோணங்களைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் எல்லா அணு இணைகளின் தொலைவையும் கணக்கிட்டனர். இன்று ஒரு சிறு நிரல் நொடிப்பொழுதில் செய்துவிடக்கூடிய இவ்வேலை, அன்று மேசைக் கணிப்பான்களின் துணையோடு பெரும் உழைப்பில் செய்யப்பட்டது. இயல்பு எல்லைக்கு உட்பட்ட பகுதி முழுதும் ஏற்கத்தக்கதாகவும், இறுதி எல்லையை மட்டும் நிறைவுசெய்யும் பகுதி ஓரளவு ஏற்கத்தக்கதாகவும், ஏனையவை தடைசெய்யப்பட்டவையாகவும் குறிக்கப்பட்டன.

எடுத்துக்காட்டாக, இரு கோணங்களும் 0 ஆக இருந்தால், முந்தைய பெப்டைடு அலகின் ஆக்சிஜனும் அடுத்த அலகின் ஹைட்ரஜனும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஃபை 0, சை 180 எனில் அடுத்தடுத்த இரு ஆக்சிஜன்கள் மோதுகின்றன. ஃபை 180, சை 0 எனில் இரு ஹைட்ரஜன்கள் மோதுகின்றன. எனவே இம்மூன்று புள்ளிகளும் தடைசெய்யப்பட்ட பகுதியில் உள்ளன.

வரைபடத்தின் பகுதிகள்

அலனின் போன்ற ஓர் அமினோ அமிலத்திற்கு வரைபடத்தின் மொத்தப் பரப்பில் கால் பங்கிற்கும் குறைவான இடமே ஏற்கத்தக்கதாக அமைகிறது. அப்பகுதிகள் மூன்று தீவுகளாகத் தோன்றுகின்றன.

1. மேல் இடது பகுதி: நீட்டப்பட்ட சங்கிலிகளுக்கு உரியது. பீட்டா தாள் எனப்படும் அமைப்பு இங்கு அமைகிறது. எதிரிணைப் பீட்டா தாளுக்கு ஃபை ஏறத்தாழ -139, சை ஏறத்தாழ +135 பாகை. இணைப் பீட்டா தாளுக்கு முறையே -119, +113 பாகை. கொலாஜனின் இழைகளும் இப்பகுதியிலேயே அமைகின்றன.

2. கீழ் இடது பகுதி: வலஞ்சுழி ஆல்ஃபா சுருளுக்கு உரியது. ஃபை ஏறத்தாழ -57, சை ஏறத்தாழ -47 பாகை. இச்சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள் உள்ளன.

3. மேல் வலது பகுதியில் உள்ள சிறு தீவு: இடஞ்சுழி ஆல்ஃபா சுருளுக்கு உரியது. ஃபை ஏறத்தாழ +57, சை ஏறத்தாழ +47 பாகை. கிளைசீன், அசுபராசின் தவிர ஏனைய அமினோ அமிலங்கள் இங்கு அரிதாகவே காணப்படுகின்றன.

ஆல்ஃபா சுருளும் பீட்டா தாளும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் நிலைபெறுகின்றன என்பது முன்னரே அறியப்பட்டது. ஆனால் இவ்வரைபடத்தை வரைய ஹைட்ரஜன் பிணைப்பு பற்றிய எந்தச் செய்தியும் பயன்படுத்தப்படவில்லை. அணுக்கள் மோதக்கூடாது என்ற ஒரே நிபந்தனையிலிருந்து பெறப்பட்ட தீவுகளில் இயற்கையின் இரு முதன்மை அமைப்புகளும் வந்து பொருந்தின.

கிளைசீனும் புரோலினும்

கிளைசீனுக்குப் பக்கச் சங்கிலி இல்லை. அவ்விடத்தில் ஒரு ஹைட்ரஜன் மட்டுமே உள்ளது. எனவே அதற்கு மோதல்கள் குறைவு; வரைபடத்தில் ஏற்கத்தக்க பரப்பு மிக அதிகம். மேலும் கிளைசீன் சமச்சீரானது என்பதால் அதன் வரைபடமும் மையப்புள்ளியைப் பொறுத்துச் சமச்சீராக உள்ளது. சங்கிலி கூர்மையாகத் திரும்பும் இடங்களில் கிளைசீன் அடிக்கடி காணப்படுவதற்கு இதுவே காரணம்.

புரோலின் இதற்கு நேர்மாறானது. அதன் பக்கச் சங்கிலி வளைந்து வந்து நைட்ரஜனுடனேயே இணைந்து ஐந்து அணுக்கள் கொண்ட வளையமாகிறது. இதனால் ஃபை கோணம் ஏறத்தாழ -65 பாகையை ஒட்டியே நிற்கிறது.

வரலாறு

இவ்வரைபடம் கொலாஜன் பற்றிய ஒரு கருத்து மோதலிலிருந்து பிறந்தது. கொலாஜன் என்பது தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றின் முதன்மைப் புரதம் ஆகும். 1952 இல் இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு சென்னைக்கு வந்த பிரித்தானிய அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனுக்கு அதுவரை முன்வைக்கப்பட்ட அமைப்புகள் எவையும் நிறைவளிக்கவில்லை என்று கூறியது அவருடைய கவனத்தை ஈர்த்தது. சென்னையிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது இவ்வாய்வுக்குத் துணையாயிற்று.

1954 இல் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று நேச்சர் இதழில் வெளியிட்டனர். 1955 இல் அம்மூன்று இழைகளும் கயிற்றுப் புரிகளைப் போல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருப்பதாகத் தம் மாதிரியைத் திருத்தினர். மூன்றில் ஓர் அமினோ அமிலம் கிளைசீனாக இருக்கவேண்டும் என்பது இம்மாதிரியின் இன்றியமையாத கூறு. மூன்று இழைகளும் நெருங்கும் நடு அச்சில், கிளைசீனின் ஒற்றை ஹைட்ரஜனைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

அதே 1955 இல் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகியோர் கொலாஜனுக்கு ஓர் அமைப்பை வெளியிட்டனர். மூன்று இழைகள் என்ற அடிப்படை அதிலும் அமைந்திருந்தது. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஏற்க இயலாத அளவு நெருங்கியுள்ளன என்று அவர்கள் குறை கூறினர். சென்னை மாதிரி மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளைக் கொண்டிருந்தது. ரிச்-கிரிக் மாதிரியில் ஒன்று மட்டுமே இருந்தது.

எவ்வளவு நெருக்கம் ஏற்கத்தக்கது என்பதற்கு அன்று உறுதியான அளவுகோல் இல்லை. இதற்கு விடைகாணவே முன்னர்க் கூறிய படிகத் தொகுப்பு தொடங்கப்பட்டது. அணுக்கள் அதுவரை கருதப்பட்டதைவிடச் சற்றுக் கூடுதலாக நெருங்க முடியும் என்பது அதனால் தெரியவந்தது. ஒரு மாதிரியைக் காப்பதற்காகத் தேடிய அளவுகோல், எல்லாப் புரதங்களுக்கும் பொருந்தும் பொதுவிதியாக விரிந்தது.

கொலாஜன் பற்றிய வழக்கில் இரு தரப்பிலும் உண்மை இருந்தது. 1968 இல் இராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும், இரண்டாவது ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு நீர் மூலக்கூறின் வழியாக அமையலாம் என்று முன்மொழிந்தனர். 1994 இல் கொலாஜனை ஒத்த ஒரு பெப்டைடின் படிக அமைப்பு வெளியானபோது, மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒரு நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு இருப்பதும், நீர் மூலக்கூறுகள் இழைகளைப் பாலமாக இணைப்பதும் புலப்பட்டன.

கிளைசீன் பற்றிய முடிவு மருத்துவத்திலும் உறுதிப்பட்டது. மரபணுப் பிழையால் கொலாஜனில் ஒரு கிளைசீனின் இடத்தில் வேறு பெரிய அமினோ அமிலம் வந்துவிட்டால், மூவிழைச் சுருள் சரியாக அமைவதில்லை. எலும்புகள் எளிதில் முறியும் பிறவி நோய்க்கு இது ஒரு முதன்மைக் காரணம் ஆகும்.

பயன்பாடு

வரைபடம் வெளியான காலத்தில் அணு அளவில் அமைப்பு அறியப்பட்ட புரதம் மயோகுளோபின் மட்டுமே. அதன் பெரும்பாலான கோணங்கள் ஏற்கத்தக்க பகுதிகளில் அமைந்திருந்தன. 1965 இல் லைசோசைமின் அமைப்பும், அதன்பின் பிற புரதங்களின் அமைப்புகளும் வெளியானபோது இம்முடிவு மேலும் வலுப்பெற்றது.

இன்று ஒரு புரதத்தின் அமைப்பை ஊடுகதிர்ப் படிகவியல், அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியியல் ஆகிய எம்முறையில் கண்டறிந்தாலும், அதற்கு இராமச்சந்திரன் வரைபடம் வரையப்படுகிறது. பல புள்ளிகள் தடைசெய்யப்பட்ட பகுதியில் விழுந்தால், ஆய்வாளர் அவ்விடங்களில் சங்கிலியைத் தவறாகப் பொருத்தியிருக்கக்கூடும். 1990களில் உருவான புரோசெக் என்ற மென்பொருள், நல்ல அமைப்பில் 90 விழுக்காட்டிற்கு மேற்பட்ட புள்ளிகள் மிகவும் உகந்த பகுதியில் இருக்கவேண்டும் என்ற வழக்கைப் பரப்பியது. துல்லியமான அமைப்புகளிலிருந்து எல்லைகளைப் புதிதாக வகுத்த மோல்புரோபிட்டி என்ற மென்பொருள், உகந்த பகுதியில் 98 விழுக்காட்டை எதிர்பார்க்கிறது.

அமினோ அமில வரிசையிலிருந்து வடிவத்தை முன்கூறும் கணினி முறைகளுக்கும் இச்சோதனை பொருந்தும். 2021 இல் விரிவாக வெளியிடப்பட்ட ஆல்ஃபாஃபோல்டு என்ற முறைக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோரும், புதிய புரதங்களை வடிவமைத்தமைக்காக டேவிட் பேக்கரும் 2024 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். இத்தகைய முறைகள் தரும் மாதிரிகளின் தரத்தை மதிப்பிடவும் ஃபை, சை கோணங்கள் நோக்கப்படுகின்றன.

வரம்புகள்

கடினமான கோளம் என்பது ஓர் எளிய தோராயமே. உண்மை அணுக்கள் நெருங்கும்போது விலக்கு ஆற்றல் படிப்படியாக உயர்கிறது. எனவே பின்னாளில் செராகா, ஃபுளோரி முதலியோரின் குழுக்களும் இராமச்சந்திரன் குழுவினரும் ஆற்றலைக் கணக்கிட்டு வரைபடத்தைச் செம்மைப்படுத்தினர்.

தடைசெய்யப்பட்ட பகுதியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் பிழை என்று கொள்ளவும் கூடாது. புரதத்தின் செயல்படும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் முறுக்கப்பட்ட நிலையில் உண்மையாகவே இருக்கக்கூடும். மாறாக, எல்லாப் புள்ளிகளும் உகந்த பகுதியில் இருப்பதனாலேயே ஓர் அமைப்பு சரியானது என்றும் கூறமுடியாது. கணினி நிரலே புள்ளிகளை உகந்த பகுதிக்குத் தள்ளுமாறு அமைக்கப்பட்டிருந்தால், வரைபடம் சார்பற்ற சான்றாக இருக்கும் தகுதியை இழக்கிறது. மேலும், வரைபடம் இயலாதவற்றை விலக்குகிறதே ஒழிய, எஞ்சிய வடிவங்களுள் புரதம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று கூறுவதில்லை.

இராமச்சந்திரன்

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ச. வெ. இராமனிடம் ஆய்வு செய்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். 1952 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்னையில் பணியாற்றினார். பின்னர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார். 1971 இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து, ஊடுகதிர்ப் படங்களிலிருந்து ஒரு பொருளின் உட்புற அமைப்பை மீட்டெடுக்கும் கணித முறையை வெளியிட்டார். இது கணினிவழி ஊடுகதிர் வெட்டுப்படவியலில் முதன்மையான பங்களிப்பாகக் கருதப்படுகிறது. 1961 இல் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசும், 1999 இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசும் பெற்றார். 1977 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார்.